தாத்தாவின் 1967 ஓட்டு

(வாட்ஸ்அப் குழு: தெப்பக்குளத்து வீடு, விருதுநகர். 2025 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை வணக்கப் படங்கள் ஏழையும், சித்தப்பா தவறுதலாக அனுப்பிய மின்கட்டண ரசீதையும் எடுத்துவிட்டேன்.)

*காலை 7:40*

பெரியம்மா: எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் திருத்தம்) படிவத்தைத் திரும்ப வாங்க பிஎல்ஓ அம்மா (வாக்குச்சாவடி அலுவலர்) இன்றைக்கு வருகிறார்களாம். தாத்தா படிவம் பாதி காலியாகக் கிடக்கிறது. யார் நிரப்பியது?

அக்கா: நான்தான் பெரியம்மா. இருபது வருஷத்துக்கு முந்தைய பழைய வாக்காளர் பட்டியலில் தாத்தா பெயர் எந்தப் பாகம், எத்தனாவது வரிசை என்று தேடுகிறேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. கண் போகிறது.

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது* அன்றைய தலைவர் எங்கே! இன்றைய தலைவர்கள் எங்கே! ஒன்பது ஆண்டு முதல்வர் காமராஜர்! மேட்டூர், வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர் என்று அணை அணையாகக் கட்டியவர்! இறக்கும்போது பையில் இருந்தது 60 ரூபாய்! உண்மைத் தமிழன் என்றால் பத்துப் பேருக்கு அனுப்பு!

தம்பி: பெரியப்பா, மேட்டூர் அணை 1934-லேயே முடிந்துவிட்டது. அது வெள்ளைக்காரன் காலம். மற்ற மூன்றும் சரி.

மதுரை அத்தை: போன மாதம் நீங்கள் அனுப்பியதில் 130 ரூபாய் இருந்ததே அண்ணே. ஒரே மாதத்தில் 70 ரூபாய் எங்கே போனது?

பெரியப்பா: தொகையா முக்கியம்? எளிமையைப் பாருங்கள்.

மதுரை அத்தை: தேர்தல் வருகிறது, குழுவில் கட்சி பேசக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருக்கிறேன். காமராஜர் என்பதால் விடுகிறேன்.

தம்பி: எளிமை நல்லதுதான். ஆனால் எளிமையாக இருந்துகொண்டு ஒன்றுமே செய்யாதவர்களும் இருக்கிறார்களே.

துபாய் சித்தப்பா: சரிடா, நீயே சொல். பெரிய தலைவர் என்று எதை வைத்துச் சொல்வாய்?

தம்பி: எதிர்த்து நின்றவரை என்ன செய்தார் என்று பார்ப்பேன் சித்தப்பா. 1954-ல் காங்கிரஸ் கட்சியின் சட்டமன்றத் தலைவர் போட்டியில் காமராஜரை எதிர்த்தவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். ஜெயித்த காமராஜர் இரண்டு பேரையுமே அமைச்சராக்கினார். அவரையும் சேர்த்து மொத்தம் எட்டே பேர் இருந்த அமைச்சரவை அது.

தம்பி: 1963-ல் கட்சி வேலை பார்க்கப் போகிறேன் என்று தானாகவே பதவியை விட்டு இறங்கினார். அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அதே பக்தவத்சலம்.

துபாய் சித்தப்பா: எங்கள் ஆபீஸில் மேலதிகாரிக்கு எதிராக ஒரு மெயில் போட்டால் மறுநாளே பாலைவன சைட்டுக்கு மாற்றல்.

பெரியப்பா: அப்படிப்பட்ட மனிதரைச் சொந்த ஊரிலேயே தோற்கடித்தார்கள். 1967-ல். நன்றி கெட்ட ஊர் என்று வெளியூர்க்காரன் இன்றைக்கும் நம்மைச் சொல்கிறான். எந்தப் பாவிகள் போட்ட ஓட்டோ.

*காலை 8:02*

தாத்தா: நான்தான்

மதுரை அத்தை: அப்பா, என்ன நான்தான்?

பெரியப்பா: அப்பா??

தாத்தா: டைப் செய்கிறேன் இருங்கள்

பெரியப்பா: வருஷா வருஷம் ஜூலை 15-க்குச் சிலைக்கு மாலை வாங்க என்னைத்தானே பூக்கடைக்கு அனுப்புகிறீர்கள்!

(இதற்குப் பிறகு பதினொரு நிமிடம் குழுவில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. 'தாத்தா டைப் செய்கிறார்' என்று வருவதும் போவதுமாக இருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.)

*காலை 8:15*

தாத்தா: பிப்ரவரி மாதம். எனக்கு 22 வயது. அப்போது 21 முடிந்தால்தான் ஓட்டு. ஆகவே அது முதல் ஓட்டு

தாத்தா: உதயசூரியன்

தாத்தா: பருப்பு மண்டியில் கணக்கு எழுதினேன். நாள் முழுக்க மூட்டை மூட்டையாக உளுந்தும் வத்தலும் கண் முன்னால் போகும். வீட்டில் அரிசி இருக்காது. ரேஷன் கடை வாசலில் விடியும் முன்னே போய்க் கல் வைத்து இடம் பிடிப்போம். பை வைத்தால் பையைத் தூக்கிப் போய்விடுவான்

தாத்தா: 65-ல் இந்தி எதிர்ப்பு நேரத்தில் என்னோடு படித்தவன் போலீஸ் அடியில் கால் ஒடிந்து படுத்துவிட்டான். இவர் அப்போது டெல்லியில் அகில இந்தியத் தலைவர். ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம். சொன்னாரோ என்னவோ எங்கள் காதுக்கு வரவில்லை

தாத்தா: எதிரே நின்றவர் சீனிவாசன். மாணவர் தலைவர். எங்களை மாதிரிப் பையன்

தம்பி: 1,285 ஓட்டு வித்தியாசம் தாத்தா.

தாத்தா: அதில் ஒன்று என்னுடையது

துபாய் சித்தப்பா: அப்பா, அப்போது திமுகவில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொன்னார்களே. கொடுத்தார்களா?

தம்பி: சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுத்தார்கள் சித்தப்பா. மாநிலம் முழுக்கக் கொடுக்க அரசிடம் பணம் இல்லை.

தாத்தா: நிச்சயம் எங்கள் ஊர் வரைக்கும் வரவில்லை

நான்: தாத்தா, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டுத்தான் படித்தேன் என்று சொல்வீர்களே. அது காமராஜர் போட்டதுதானே?

தாத்தா: அதற்கும் முன்னால் இருந்து சொல்கிறேன். 53-ல் ராஜாஜி அரை நாள் பள்ளி கொண்டு வந்தார். மீதி நேரம் அப்பனிடம் தொழில் பழக வேண்டும். எங்கள் அப்பாவுக்குத் தொழிலே இல்லை. கிடைத்த கூலி வேலைதான். அதை எங்கே பழகுவது. தீப்பெட்டி ஒட்டினேன்

தாத்தா: மறு வருஷம் இவர் முதல்வராக வந்து அதை எடுத்தார். அப்புறம் மதியச் சோறு வந்தது. அரசாங்கம் ஒரு பங்கு ஊர் ஒரு பங்கு. வாத்தியார் வீடு வீடாகத் தானியம் வாங்க வருவார். எங்கள் அம்மாவும் ஒரு கை அள்ளிப் போடுவாள். மதியம் நான் போய் அதையே சாப்பிடுவேன்

அக்கா: இதில் என்ன லாபம் தாத்தா?

தாத்தா: வீட்டில் இருந்தால் அது ராத்திரிக் கஞ்சி. பள்ளியில் என்றால் மதியச் சோறு. மதியம் சோறு என்றால் நாள் முழுக்கப் பள்ளி. அவ்வளவுதான் கணக்கு

தாத்தா: அந்தச் சோறு இல்லை என்றால் ஐந்தாவதோடு நின்றிருப்பேன். படித்ததால் மண்டியில் வேலை. படித்ததால் டீக்கடையில் பேப்பர். பேப்பர் படித்துப் படித்துத்தான் அவருக்கு எதிராகக் குத்தினேன்

(பெரியப்பா ஏதோ அனுப்பி, உடனே அழித்துவிட்டார்.)

மதுரை அத்தை: அப்பா, தப்புச் செய்துவிட்டோம் என்று தோன்றியதா?

தாத்தா: குத்தும்போது தோன்றவில்லை. இன்றைக்கும் தப்பு என்று சொல்ல மாட்டேன். அரிசி இல்லாதது உண்மை

தாத்தா: ரிசல்ட் அன்று தெருவில் வெடி போட்டார்கள். நான் போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா அவருக்குத்தான் போட்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எவர்சில்வர் தட்டு இரண்டு இருந்தது. அதை எடுக்காமல் பரணில் இருந்து என் பள்ளிக்கூட அலுமினியத் தட்டை இறக்கிக் கழுவிச் சோறு போட்டாள்

மதுரை அத்தை: அப்பத்தா இதையெல்லாம் எங்களிடம் சொன்னதே இல்லையே.

பெரியப்பா: 58 வருஷம். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே அப்பா.

தாத்தா: ரகசிய வாக்கெடுப்பு. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்

துபாய் சித்தப்பா: அப்புறம் எதற்கு அப்பா மாலை? பரிகாரமா?

தாத்தா: இல்லை. 64-ல் சாஸ்திரி. 66-ல் இந்திரா. பிரதமர் நாற்காலியில் யார் என்று இரண்டு தடவை முடிவு செய்த ஆள். அவரை மண்டியில் கணக்கு எழுதுகிற என்னை மாதிரிப் பையன்கள் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பினோம். ஊரைத் திட்டினார் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. மறு எண்ணிக்கை வழக்கு என்று போனதாகவும் கேட்டதில்லை. 69-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் மறுபடி ஜனங்கள் முன்னால் போய்க் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார். ஜெயித்தார்

தாத்தா: மாலை அதற்கு

தாத்தா: விரல் வலிக்கிறது

பெரியப்பா: நாகர்கோவில்காரன் போட்டான், நீங்கள் போடவில்லை.

மதுரை அத்தை: அண்ணே விடுங்கள். 80 வயதில் அப்பா இவ்வளவு டைப் செய்ததே பெரிது.

பெரியப்பா: கோபம் இல்லை. அதிர்ச்சி. அவ்வளவுதான்.

தம்பி: பெரியப்பா, இதையே ஒரு மெசேஜாக எழுதிப் பத்துப் பேருக்கு அனுப்பலாம். அந்த 60 ரூபாயைவிட நன்றாக இருக்கிறது.

பெரியப்பா: நீ சும்மா இரு.

நான்: அந்த அலுமினியத் தட்டு இப்போது எங்கே இருக்கிறது?

பெரியம்மா: மொட்டை மாடியில். காக்காவுக்குத் தண்ணீர் வைப்பேனே, அதுதான். எனக்கு என்ன தெரியும், பழைய தட்டு என்று நினைத்தேன். கழுவி எடுத்து வைக்கவா மாமா?

தாத்தா: வேண்டாம். காக்கா குடிக்கட்டும்

*காலை 9:05*

அக்கா: கிடைத்துவிட்டது! தாத்தா பெயர் இருக்கிறது. வயது மட்டும் 75 என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இப்போது தாத்தாவுக்கு நூறு நெருங்குகிறது.

துபாய் சித்தப்பா: அப்படியானால் 67-ல் போட்டது முதல் ஓட்டே இல்லை அப்பா!

பெரியம்மா: பிஎல்ஓ அம்மா வாசலில் நிற்கிறார்கள். பக்கத்துப் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர்தான். சீக்கிரம் போய் முட்டை எண்ண வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமைகூட விடுகிறார்கள் இல்லை. போட்டோ எங்கே?

அக்கா: கலர் போட்டோ ஃப்ரிட்ஜ் மேல் கவரில் பெரியம்மா. கையெழுத்து மட்டும் தாத்தா போட வேண்டும்.

பெரியம்மா: போடுகிறார். போடுவதற்கு முன்னால் அவர்களிடம் இன்றைக்குக் குழம்பா, கலவைச் சாதமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா: இந்தத் தடவை யாருக்குப் போடப்போகிறார் என்று யாராவது கேளுங்கள்.

மதுரை அத்தை: கட்சி பேசக் கூடாது அண்ணே.

தாத்தா: 58 வருஷம் கழித்துச் சொல்கிறேன்