மனைவி சத்துணவு அமைப்பாளர், நான் ஊராட்சித் துணைத் தலைவர்: கையெழுத்து யார் போடுவது?

தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. 2021 அக்டோபர் தேர்தலில் வார்டு உறுப்பினராக வென்று துணைத் தலைவராக இருக்கிறேன். தலைவரோடு நானும் கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். மனைவி உள்ளூர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். நான் போட்டியிடும் முன்பே பணியில் சேர்ந்தவர். அவர் சம்பளம் ஊராட்சிப் பணமல்ல.

மழை வந்தால் அந்தச் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைகள் மேல் தார்ப்பாய் போட வேண்டியிருக்கிறது. கூரையைச் சீரமைக்க ஊராட்சியில் தீர்மானம் வரப்போகிறது. வேலை எடுப்பவர் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. ஆனாலும் உறுப்பினர் ஒருவர், "வீட்டுக்காரம்மா வேலை பார்க்கும் இடத்துக்கு நீங்களே காசோலை போடுவீர்களா?" என்று கேட்டுவிட்டார். கேள்வி நியாயம்தான், கேட்ட தொனிதான் வேறு.

1994 ஊராட்சிகள் சட்டத்தைப் புரட்டினேன். ஊராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் பதவிக்கு ஆபத்து என்று இருக்கிறது. மனைவியின் வேலை பற்றி என் கண்ணில் எதுவும் படவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் வாய்ச்சொல்லாகப் பரவாயில்லை என்கிறார்கள். எழுதிக் கேட்டால் நழுவுகிறார்கள். தெரிந்த வழக்கறிஞர் கையெழுத்தே வேண்டாம் என்கிறார். அப்படி விட்டால் வேலை நின்றுபோகும்.

இந்த ஒரு பணிக்கு மட்டும் என் இடத்தில் வேறு உறுப்பினர் கையெழுத்திட விதியில் வழி இருக்கிறதா? அரசாணை எண் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.