செத்தவீடு முடிந்த பிறகு வந்த புவாரோ

எழுதியவர் போன பிறகு வேறொருவர் தொடர்ந்த துப்பறியும் கதையை வாசித்த அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது இது.

அகதா கிறிஸ்டி 1976 ஜனவரியில் இறந்தார். அவர் படைத்த துப்பறிவாளர் புவாரோவின் கதையை அதற்கு முதலே அவர் முடித்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிப் பூட்டிவைத்திருந்த ‘கர்ட்டன்’ நாவல் 1975-ல் வந்தது, அதில் புவாரோ செத்துப்போகிறார். நியூயோர்க் டைம்ஸ் அந்தக் கற்பனை மனிதருக்கு முதல் பக்கத்திலேயே மரணச் செய்தி போட்டது. இப்படிச் செத்தவீடெல்லாம் முறையாக முடிந்த ஒருவரை 2014-ல் சோஃபி ஹன்னா என்பவர் எழுப்பிக் கூட்டிவந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

‘தி மோனோகிராம் மர்டர்ஸ்’ நாவலைத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் வாசித்தேன். குறை பிடிக்கவென்றே வாசித்தேன் என்பதுதான் உண்மை. கதை நடப்பது 1929-ல். லண்டனில் ஒரு கோப்பிக்கடையில் புவாரோ இருக்கும்போது ஒரு பெண் பதறிக்கொண்டு ஓடிவருகிறாள். தன்னைக் கொல்லப் போகிறார்கள், ஆனால் கொலைகாரரைப் பிடிக்கவேண்டாம் என்கிறாள். அதே இரவு ஒரு ஹோட்டலில் மூன்று பிரேதங்கள், மூன்றின் வாயிலும் எழுத்துப் பொறித்த சட்டைக்கைப் பொத்தான். கல்ஓயாச் சந்தியில் ரயில் நெடுநேரம் நின்றது எனக்கு உறைக்கவேயில்லை.

கிறிஸ்டியின் பல கதைகளில் புவாரோவின் கூட்டாளியாக இருந்து கதை சொல்லும் ஹேஸ்டிங்ஸைத் தேடினேன், ஆளில்லை. அவருக்குப் பதிலாகக் கேட்ச்பூல் என்ற ஸ்காட்லாந்து யார்ட் இளைஞர் கதை சொல்கிறார். பிரேதத்தைக் கண்டாலே உதறல் எடுக்கும் பொலிஸ்காரர்! சின்ன வயதில் செத்துக்கொண்டிருந்த தாத்தாவின் கையைப் பிடிக்கவைத்த பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. கிறிஸ்டியின் குரலை நகல் எடுக்க ஹன்னா விரும்பவில்லை, அதனால்தான் கதை சொல்லப் புது ஆள். என் எரிச்சல் அந்த இடத்தில்தான் தணிந்தது. ஆனால் முடிவில் முடிச்சை அவிழ்க்கிறேன் என்று இழுத்த இழுவை தாங்கமுடியவில்லை. கிறிஸ்டி என்றால் அதைச் சுருக்கென்று முடித்திருப்பார்.

திரும்பி வந்து உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்டரிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு அத்தியாயத்தோடு மூடிவிட்டார்.

“தம்பி, கிழவி கதவைப் பூட்டித் திறப்பையும் கொண்டுதான் போனவ. இவ பின்பக்கத்தால ஏறி வந்திருக்கிறா.”

“குடும்பத்தின்ர சம்மதத்தோடதானே சேர் எழுதினவ?”

“குடும்பத்துக்கு என்ன, காசு வருகுது.”

அதற்கு மறுமொழி சொல்லக் கஷ்டம்தான். இங்கிலாந்தில் எழுத்துரிமை ஆள் இறந்து 70 வருடம் நிற்கும். கிறிஸ்டியின் கதைகளுக்கு அங்கே 2046 முடியும் வரை உரிமை வைத்திருப்பவர்களின் சம்மதம் வேண்டும்.

என் மச்சாளின் கோபம் வேறு. அவள் சுவீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் ‘மில்லேனியம்’ துப்பறியும் நாவல் தொடரில் பைத்தியம். லார்சன் 2004-ல், முதல் புத்தகம் வெளிவருவதற்கு முதலே, 50 வயதில் போய்விட்டார். 30 வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த ஏவா காப்ரியேல்சனைக் கல்யாணம் செய்திருக்கவில்லை, செல்லுபடியாகும் உயிலும் இல்லை. உரிமை முழுவதும் தகப்பனுக்கும் தம்பிக்கும் போனது. டேவிட் லாகர்கிரான்ட்ஸ் தொடரப்போகிறார் என்றபோது ஏவா வெளிப்படையாகவே எதிர்த்தார். 2015-ல் நாலாவது பாகம் வந்தது. மச்சாள் இன்றுவரை தொடவில்லை. “அந்த மனுசிக்கு ஒரு சதம் போகாத புத்தகம் எனக்கு வேண்டாம்” என்பாள். லாகர்கிரான்ட்ஸ் மூன்று எழுதி விலக, இப்போது கரின் ஸ்மிர்னோஃப் எழுதுகிறார். அதையும் அவள் வாங்கப்போவதில்லை.

அப்புறம், நம்முடைய சுஜாதாவின் துப்பறியும் வக்கீல் ஜோடி கணேஷ்-வசந்த். சுஜாதா போனது 2008-ல். வசந்தின் குறும்பை இன்னொருவர் அப்படியே எழுத முயன்றால் நான் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஜூனியர் பெண் அந்த இரண்டு பேரையும் பார்த்துத் தன் பாட்டில் கதை சொல்வதாக இருந்தால், சரி, காசு கொடுத்தே வாங்குவேன். மாஸ்டருக்கு மட்டும் காட்டமாட்டேன்.