மச்சினனை நானே வேலைக்குச் சேர்த்தேன், இப்போது கேள்வி கேட்க முடியவில்லை

ஓவர்லாக்38 எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருஷமாக புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். சுமார் 90 பேர், முழுக்க எக்ஸ்போர்ட் ஆர்டர். இரண்டு வருஷம் முன்னால் என் மனைவியின் தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். மாமனார் என்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் நாங்கள் போகும்போதெல்லாம் "இவனுக்கும் ஒரு வழி பிறக்கணும்" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருப்பார். கடைசியில் ஓனரிடம் நானே பேசி கட்டிங்கில் சேர்த்துவிட்டேன். பையன் கெட்டவன் இல்லை, கை சுறுசுறுப்புதான், கணக்கும் நன்றாக வரும். இப்போது கட்டிங் மாஸ்டருக்கு அடுத்து அவன்தான்.

போன மாதம் டையிங்கிலிருந்து துணி லேட்டாக வந்தது. நிட்டிங் துணியை ரோலிலிருந்து அவிழ்த்து ஒரு நாளாவது ஆறப்போட்டுத்தான் லே போட (வெட்டுவதற்காக மேசையில் அடுக்கடுக்காக விரிக்க) வேண்டும், இல்லையென்றால் வெட்டின பிறகு சுருங்கி அளவு குறையும், இது இந்தத் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும். மாஸ்டர் லீவு. இவன் ராத்திரியே லே போட்டு வெட்டிவிட்டான். 1,400 பீஸ், உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வரை குறைவு, பையர் தரப்பில் தரம் பார்க்கிற க்யூசி பிடித்துவிட்டார். அவசரத்தில் வெட்டினதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் கட்டிங் நோட்டில் "24 மணி நேரம் ஆறப்போட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன். இவனுக்குக் கொடுக்கவில்லை, ஃபுளோரில் நாலு பேர் முன்னால் திட்டியதோடு சரி. அதற்கே அன்று ராத்திரி மாமியார் போன், "ஊரார் முன்னாடி என் பையனை அவமானப்படுத்திட்டீங்களே" என்று அழுகை. மனைவி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதில் இன்னொன்று, அதே மாதம் செக்கிங்கில் ஒரு பையன் ஒரு பண்டலை மாற்றி அனுப்பியதற்கு அரை ஷிப்ட் சம்பளம் பிடித்தேன். இப்போது லைனில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) ஒரு அக்கா என் காதுபடவே "மாமன் கம்பெனி" என்றார்.

அவனை வேறு கம்பெனிக்கு அனுப்பிவிடவா? ஓனரிடம் சொல்லவா? வீட்டில் எப்படிப் பேசுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

தம்பி, முதல் கேள்வி. அந்தச் செக்கிங் பையனுக்குப் பிடித்த அரை ஷிப்ட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் மச்சினன் விஷயத்தை அப்புறம் பேசலாம், வருகிற சனிக்கிழமை சம்பளக் கவரில் அதைச் சேர்த்துப் போடுங்கள்.

நானும் அண்ணனும் பங்காகச் சேர்ந்து 20 மெஷினில், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் நடத்தியவர்கள். அண்ணன் மகன் மேற்பார்வை, என் சம்சாரம் கணக்கு. வீட்டு ஆட்களுக்குச் சம்பளம் என்று எழுதவே மாட்டோம், வேண்டியதைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வது. அவன் பைக் வாங்கினான், நாங்கள் ஃபிரிட்ஜ் வாங்கினோம், ஒன்றும் எழுதவில்லை. நாலாவது வருஷம் ஒரு தீபாவளி போனஸ் நேரத்தில் அண்ணி கேட்ட ஒரே கேள்வியில் எல்லாம் வெடித்தது. யார் எவ்வளவு எடுத்தோம் என்று இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கணக்கு, இரண்டுமே பொய் இல்லை, இரண்டுமே சரியும் இல்லை. மெஷினைப் பிரித்துக்கொண்டோம். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன்.

உங்கள் மச்சினனுக்கு ரிஜிஸ்டரில் பேர், சம்பளம், ஷிப்ட் எல்லாம் மற்றவர்கள் போலவே இருக்கிறதா பாருங்கள். எனக்குத் தெரிந்து "நம்ம பையன்" என்று ஒன்றரை ஷிப்ட் ஓடவிட்டு ஒரு ஷிப்ட் கூலி கொடுக்கிற இடமும் உண்டு. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுவது மாதிரியே சொந்தக்காரனைச் சுரண்டுவதும் நடக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

பேரேடு எழுதியது:

கணக்குத் துறையில் இருக்கிறேன், இரண்டு விஷயம் மட்டும்.

அரை ஷிப்ட் பிடித்தது தப்பு, நியாயப்படி மட்டும் இல்லை, சட்டப்படியும். பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936-இலேயே அபராதத்துக்கு வரம்பு இருந்தது: ஆளிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது, அந்தச் சம்பளக் காலத்துக்கு (வாரமோ மாதமோ) வருகிற சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பதிலாக வந்த 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே 3 சதவீதம்தான். நீங்கள் அவனிடம் விளக்கம் கேட்டதாக எழுதவில்லையே.

இரண்டாவது, உறவினர் என்றால் சட்டம் யாரைச் சொல்கிறது என்று பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 2(77), அதற்கான விதிகள் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். அவ்வளவுதான். மனைவியின் தம்பி இதில் இல்லை! நம் ஊரில் தாலி கட்டின நாளிலிருந்து சாவு வரை முன்னால் நிற்கிற மச்சினன் சட்டத்தின் கண்ணில் உறவே இல்லை. அந்தப் பட்டியல் இயக்குநர்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் போட்டது, உங்கள் பதவிக்கு எப்படியும் பொருந்தாது. அதனால் எந்தப் படிவமும் உங்களைக் கேட்கப் போவதில்லை, நீங்களாக எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. ஓனருக்கு ஒரு தாளில், இவன் என் மனைவியின் தம்பி, இவனுடைய சம்பள உயர்வு, லீவு, தண்டனை எதிலும் என் கையெழுத்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கவுண்டர்4 எழுதியது:

நானும் கணவரும் ஒரே வங்கி, வேறு வேறு கிளை. கல்யாணமான புதிதில் எட்டு மாதம் ஒரே கிளையில் இருந்தோம். வங்கியில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். நான் போட்டதை அவர் அனுமதிக்கும் நிலை வந்த அன்றே மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, நீங்கள் திருடுவீர்கள் என்று இல்லைம்மா, நாளைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் உங்கள் இரண்டு பேரையும்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார். அடுத்த மாதமே நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மத்திய அரசு வேலையில் கணவன் மனைவியை முடிந்தவரை ஒரே ஊரில் போட வேண்டும் என்று 1986-இலும் 2009-இலும் உத்தரவு இருக்கிறது, கவனியுங்கள், ஒரே ஊர், ஒரே மேசை இல்லை. 1964-இன் நடத்தை விதிகளில் 4-ஆவது விதியும் இதே யோசனைதான்: உன் குடும்பத்து ஆள் வேலை செய்கிற கம்பெனியின் ஃபைல் உன் மேசைக்கு வந்தால் நீ தொடாதே, மேலதிகாரிக்கு அனுப்பு. வேலையை விட்டுப் போ என்று யாரையும் சொல்லவில்லை. சில தனியார் கம்பெனிகளில் இருவர் கல்யாணம் செய்தால் ஒருவர் விலக வேண்டும் என்கிறார்கள், நான் பார்த்தவரை விலகுவது எப்போதும் பெண்தான்.

அதனால் உங்கள் மச்சினனை அனுப்ப வேண்டாம். அவன் உங்கள் கீழ் இல்லாமல் போனால் போதும். கட்டிங் மாஸ்டர் அவனைப் பற்றி நேராக ஓனரிடம் சொல்லட்டும்.

வீட்டு விஷயத்தில், மாமியாரிடம் நீங்கள் பேசாதீர்கள், உங்கள் மனைவிதான் பேச வேண்டும். அதற்கு முன்னால் அவரிடம் அந்த நோட்டைப் பற்றிச் சொன்னீர்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தம்பியைத் திட்டினார் என்பது மட்டும்தான் அவருக்குப் போயிருக்கிறது, அதுவும் அம்மா வழியாக.

சைடுலாக் எழுதியது:

முதலில் ஃபுளோரில் "மாமா" என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள் ஜி, பாதிப் பிரச்சினை தீரும்.

நொய்யல்கரை எழுதியது:

அட அது எப்படிங்க தீரும். இங்கே பாதி லைன் ஒரே ஊர்க்காரர்கள், காண்ட்ராக்டர் தன் அக்கா மகன், பங்காளி பையன் என்றுதான் கூட்டிவருகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்களும் அண்ணன் தம்பியாகத்தான் வந்து ஒரே ரூமில் தங்குகிறார்கள். உறவைப் பார்த்து ஆள் எடுக்காதே என்றால் திருப்பூரில் மெஷின் ஓடாது. கூப்பிடுகிற பேரில் ஒன்றும் இல்லை, யார் தாளில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதுதான். மேடம் சொன்னது சரி.

ஒன்று மட்டும் மேடமிடம் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நோட்டில் பொய் எழுதினதற்கு மெமோ கொடுத்தே ஆக வேண்டும். இப்போது ஆளை மட்டும் மாற்றினால், தப்பு செய்ததும் பத்திரமான இடத்துக்கு நகர்த்திவிட்டார் என்றுதான் லைனில் பேசுவார்கள்.

கவுண்டர்4 எழுதியது:

மெமோ வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கொடுக்க வேண்டியதுதான், ஆனால் இவர் கொடுக்கக் கூடாது.

ஓவர்லாக்38 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

செக்கிங் பையனுக்குப் பணம் போன சனிக்கிழமையே கொடுத்தாகிவிட்டது. வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனான். ஓனரிடம் தாள் எழுதிக் கொடுத்தேன், அவர் படித்துவிட்டுச் சிரித்தார், இதையெல்லாமா எழுதிக் கொடுப்பாங்க என்றார், ஆனால் ஃபைலில் வைக்கச் சொன்னார். மெமோ அவர் கையெழுத்தில் போனது. மச்சினன் விளக்கம் எழுதினான், துணி லேட் ஆனதால் நான் "எப்படியாவது காலையில் பீஸ் லைனுக்கு வரணும்" என்று போனில் சொன்னதையும் அதில் எழுதியிருக்கிறான். உண்மைதான், சொன்னேன். அதனால் ஓனர் எனக்கும் ஒரு டோஸ் விட்டார். இனி அவன் நேராக ஓனரிடம்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

மனைவியிடம் அந்த நோட்டின் பக்கத்தை போனில் போட்டோ எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அவன் கையெழுத்துதான்" என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அம்மாவிடம் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. மாமியார் இன்னும் என்னிடம் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கையில் கறிக்குழம்பு மட்டும் கொடுத்தனுப்பினார்.