ஆரில் முப்பரிமாணப் படம்: பிளாட்லிக்கு எண் அணியை நிரை நிரல் மாற்றிக் கொடுக்கணுமா, வேண்டாமா?

நிரைநிரல்:
பக்கத்து இழையில் கட்டக்காரன் போட்ட ‘மூன்றே வரியில் முப்பரிமாணப் பரப்பு’ குறிப்பை ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதன் கடைசி வரி இது: “ஆரில் பெர்ஸ்புக்குக் கொடுத்த அதே அணியை பிளாட்லிக்கும் அப்படியே கொடுங்கள். டிரான்ஸ்போஸ் எல்லாம் மூடநம்பிக்கை.” (புதியவர்களுக்கு: ஆர் ஒரு கணினி மொழி. பெர்ஸ்ப் அதில் முப்பரிமாணப் பரப்பு வரையும் சார்பு. பிளாட்லி, சுழற்றிப் பார்க்கும் படம் வரையும் தொகுப்பு. நிரை அணியின் கிடைவரிசை, நிரல் நெடுவரிசை; இரண்டையும் இடம் மாற்றுவது டிரான்ஸ்போஸ்.) ஆதாரமாக ஒரு தொப்பிப் படம் வேறு.

தொப்பி! மையத்திலிருந்து உள்ள தொலைவை ஆர் (மொழியின் பெயர் அல்ல, சின்ன r) என்று வைத்து, சைன் ஆரை ஆரால் வகுத்தால் வருவது. அதில் எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றிப் போட்டால் ஒரு எண்கூட மாறாது. வட்டத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை’ என்கிறார்.

பெர்ஸ்பில், உயரங்கள் அடங்கிய இசட் அணியின் நிரைகள் எக்ஸ், நிரல்கள் ஒய். பிளாட்லியின் சர்ஃபேஸில் நிரைகள் ஒய், நிரல்கள் எக்ஸ். ஒவ்வொரு எக்ஸ், ஒய் ஜோடிக்கும் உயரம் கணக்கிட்டு அணியாக்கும் அவுட்டர் தருவது முதல் வகை. எனவே பிளாட்லிக்குப் போகும்போது டிரான்ஸ்போஸ் செய்யும் டி சார்பு போட்டே ஆக வேண்டும். நம்பாதவர்கள் இசட் சமம் எக்ஸ் என்று மட்டும் வைத்து வரையுங்கள். சரிவு எந்த அச்சோடு ஏறுகிறது என்று பாருங்கள். ஒய்யோடு ஏறினால் யார் சொன்னது மூடநம்பிக்கை என்று தெரிந்துவிடும்.

கட்டக்காரன்:
வந்துட்டாருய்யா. நான் எழுதினது புதுசா வர்றவங்களுக்கு. படம் வருதா? வருது. பிழைச் செய்தி ஏதாவது? இல்லை. பிளாட்லியில் மவுஸால் படத்தை எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம், அப்புறம் எதுக்குத் தனியா அணியைத் திருப்பணும்?

நிரைநிரல்:
படத்தைச் சுழற்றுவது வேறு, அணியைத் திருப்புவது வேறு. சுழற்றினால் மலை அதே மலை. திருப்பினால் கண்ணாடியில் தெரியும் மலை. இடது கைக் கையுறையை எவ்வளவு சுழற்றினாலும் வலது கைக்கு ஆகாது.

பிழைச் செய்தி வராததுதான் ஆபத்தே. பெர்ஸ்பில் 87 நிரை, 61 நிரல் உள்ள அணிக்கு எக்ஸ் 61, ஒய் 87 என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், இசட் செல்லாது என்று அங்கேயே நின்றுவிடும். சதுரக் கட்டம், 30க்கு 30 என்றால் எந்த மென்பொருளும் வாயே திறக்காது. உங்கள் தொப்பி 30க்கு 30.

வளைபரப்பு:
87, 61 என்றதும் வால்கேனோ தரவு நினைவுக்கு வருகிறது. ஆருடன் கூடவே வருவதுதான், ஆக்லாந்தின் மவுங்கா வாவ் எரிமலை, 10 மீட்டர் கட்டம். அதை பிளாட்லியில் இசட் மட்டும் கொடுத்து வரைந்த படங்கள் எங்கும் கிடக்கின்றன. யாரும் திருப்பவில்லையே?

நிரைநிரல்:
திருப்பவில்லை, அதனால் அத்தனையும் கண்ணாடி எரிமலை. அந்தத் தரவின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது: நிரைகள் கிழக்கிலிருந்து மேற்கு, நிரல்கள் தெற்கிலிருந்து வடக்கு. ஏற்கெனவே ஒரு திசை தலைகீழ். அதன் மேல் நிரையையும் நிரலையும் குழப்பினால் எது வடக்கு என்று யாருக்கும் தெரியாது. மலை அழகாகத்தான் இருக்கும்.

கேள்விக்குறி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எழுதிய சார்புக்குள் இஃப் எல்ஸ் நிபந்தனை இருக்கிறது. அவுட்டரில் போட்டால் பரிமாணப் பெருக்கம் 900, பொருளின் நீளம் 1, பொருந்தவில்லை என்று வருகிறது. இதற்கும் டிரான்ஸ்போஸ்தான் காரணமா?

வளைபரப்பு:
இல்லைங்க. அவுட்டர் உங்கள் சார்பை 900 முறை கூப்பிடாது. 900 நீளமுள்ள இரண்டு வெக்டரை, அதாவது எண் பட்டியலை, கொடுத்து ஒரே முறைதான் கூப்பிடும், பதிலாக 900 எண்களை எதிர்பார்க்கும். உங்கள் சார்பு ஒன்றைத்தான் திருப்பித் தருகிறது. இஃப் எல்ஸை எடுத்துவிட்டு, வெக்டர் முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்கும் இஃப்எல்ஸ் சார்பாக எழுதுங்கள். முடியாவிட்டால், சார்பை ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியே கூப்பிட வைக்கும் வெக்டரைஸ் போட்டுச் சுற்றி அவுட்டருக்குக் கொடுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். புது ஆரில் இஃபுக்கு நீளமான நிபந்தனை போனாலே பிழைதான், அது தனி.

எண்வரிசை:
பைதான்காரன் ஒருவன் சொல்லலாமா? பைதானின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் இந்தச் சண்டையே கிடையாது. கட்டப் புள்ளிகளை உருவாக்கும் மெஷ்கிரிட்டில் எக்ஸ், ஒய் இரண்டும் இருபரிமாண அணிகளாகவே வரும். அதே வடிவத்தில் இசட்டைக் கணக்கிட்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் நிரை எது, நிரல் எது என்ற கேள்விக்கே இடமில்லை. பிளாட்லியும் எக்ஸ், ஒய்யை இருபரிமாண அணியாக வாங்கிக்கொள்ளும்.

கட்டக்காரன்:
கேட்டீங்களா நிரைநிரல் ஐயா? டிரான்ஸ்போஸ் வேண்டாம்னு அடுத்த ஊர் ஆளே சொல்றார்.

நிரைநிரல்:
அவர் சொன்னது எக்ஸையும் ஒய்யையும் இருபரிமாண அணியாகக் கொடுத்தால். நீங்கள் கொடுத்தது 30 எண்கள் கொண்ட இரண்டு வெக்டர். அதற்குத் திருப்ப வேண்டும். டி சார்பு. ஒரே எழுத்து. அந்த ஒரு எழுத்தை எழுதச் சோம்பல்பட்டு இவ்வளவு வரி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மேட்பிளாட்லிப்பையும் ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், எண்வரிசை. அதன் பிளாட் சர்ஃபேஸ் நீங்கள் கேட்காமலேயே நிரையிலும் நிரலிலும் அதிகம் போனால் 50 மாதிரிகளைத்தான் எடுக்கும். 400க்கு 400 கட்டம் கொடுத்தால் ஒரு கூர்முனை மொத்தமாகக் காணாமல் போகலாம். அந்த மாதிரி எண்ணிக்கைகளான ஆர்கவுன்ட், சிகவுன்ட் இரண்டையும் உயர்த்த வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எண்வரிசை:
தெரியும். சும்மா சொன்னதற்கு இவ்வளவு வேகமா. மேட்பிளாட்லிப்பாவது 2.0 பதிப்பிலேயே இயல்பாக இருந்த ஜெட் நிறத் தொகுதியைத் தூக்கிப் போட்டு விரிடிஸ் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆரின் பெர்ஸ்பில் உயரத்துக்கு ஏற்ப நிறம் போட ஒரு வசதிகூட இல்லையே.

நிரைநிரல்:
வசதி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். பெர்ஸ்பின் நிறம் புள்ளிக்கு அல்ல, சதுரத் துண்டுக்கு. 30க்கு 30 புள்ளிகள் என்றால் 29க்கு 29, அதாவது 841 துண்டுகள். பலர் 900 நிறங்களைக் கொடுத்துவிட்டுப் பரப்பின் மேல் குறுக்கே சாய்ந்த பட்டைகள் ஓடுவதைப் பார்த்து விழிக்கிறார்கள். நிறங்கள் நிரல் நிரலாகப் போய் உட்காரும். ஒவ்வொரு நிரலிலும் ஒரு நிறம் மிஞ்சி அடுத்ததற்குத் தள்ளப்படும். பட்டை சாய்வதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு துண்டின் நான்கு மூலை உயரங்களையும் கூட்டி 4 ஆல் வகுத்து, கட் சார்பால் 100 வகுப்பாகப் பிரித்து, அந்த எண்ணால் நிறத்தை எடுங்கள். மூலைகளை எடுப்பது எளிது: முதல் நிரையை நீக்கியும் கடைசி நிரையை நீக்கியும், நிரலுக்கும் அப்படியே, நான்கு அணிகள் வரும்.

சமவரைகோடு:
“நிறங்கள் நிரல் நிரலாக உட்காரும்.” எந்த நிரல்? ஆரில் எழுதும் நிரலா, அணியின் நிரலா? புரோகிராமுக்கும் நிரல், அணியின் நெடுவரிசைக்கும் நிரல் என்றால் படிக்கிறவன் என்ன செய்வான்?

நிரைநிரல்:
நிரை நிரல் மாற்று அணி என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நிரல் என்றால் அணியின் நிரல்தான். புரோகிராமுக்கு அந்தச் சொல்லை இழுத்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.

சமவரைகோடு:
சொல்லைக் குழப்பிவிட்டு அணியைக் குழப்பாதே என்கிறார். சரி, போகட்டும். முப்பரிமாணம் எதற்கு என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. முன்னால் ஒரு மேடு இருந்தால் பின்னால் இருக்கும் பள்ளம் தெரியாது. உயரத்தை அச்சில் படிக்கவும் முடியாது. ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைக்கும் சமவரைகோடு போட்டால் வேலை முடிந்தது.

வளைபரப்பு:
ஆரம்பிச்சுட்டீங்களா? உங்கள் ஃபில்ட் கான்டூர், அதான் ஆரில் நிறம் நிரப்பிய சமவரைகோட்டுப் படம், அதன் மேல் பாயின்ட்ஸ் போட்டால் புள்ளிகள் ஒரு பக்கமாக நகர்ந்து உட்காருமே, அது ஏன் என்று முதலில் சொல்லுங்கள். பக்கத்திலுள்ள நிறப் பட்டைக்கு இடம் பிரித்துவிட்டுத் திரும்பும்போது ஆயத்தொலைவு மாறிவிடுகிறது. பிளாட் ஆக்ஸிஸ் என்ற இடத்துக்குள்ளேயே புள்ளிகளைப் போட வேண்டும். பெர்ஸ்பில் அந்தத் தலைவலி இல்லை. அது திருப்பித் தரும் 4க்கு 4 அணியை வாங்கி, முப்பரிமாணப் புள்ளியைப் படத்தளத்துக்கு மாற்றும் டிரான்ஸ்3டிக்குக் கொடுத்தால் புள்ளி சரியான இடத்தில் விழும்.

நிரைநிரல்:
விழும், மேட்டுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியும் முன்னால் தெரியும். மறைப்பதெல்லாம் டிரான்ஸ்3டிக்குத் தெரியாது. நாம் பேசிக்கொண்டிருந்தது டிரான்ஸ்போஸ்.

கட்டக்காரன்:
நாம இல்லை, நீங்க. நான் மூணு வரியில் முடிச்சது இது. சீக்வன்ஸ் மைனஸ் 10லிருந்து 10 வரை 30 புள்ளி, அவுட்டர், பெர்ஸ்ப். இசட்டில் என்ஏ, அதாவது மதிப்பில்லாத இடம், இருந்தா 1 போடுன்னு ஒரு வரி சேர்த்தா நாலு. அது பெர்ஸ்பின் உதவிப் பக்கத்திலேயே இருக்கு. தப்புன்னா அங்கே போய்ச் சொல்லுங்க.

நிரைநிரல்:
நல்ல வேளை, நீங்களே எடுத்தீர்கள். அந்த 1 என்ற வரி அங்கே ஒன்றுமே செய்யவில்லை. மைனஸ் 10லிருந்து 10 வரை 30 புள்ளி எடுத்தால் நடுவில் சுழியம் வராது. 30 இரட்டைப்படை, சுழியத்தின் இரு பக்கமும் புள்ளிகள் தாண்டிப் போய்விடும். சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால்தான் என்ஏ, இங்கே அது பிறக்கவே இல்லை. உங்கள் குறிப்பைப் படித்த ஒருவர் ‘இன்னும் வழவழப்பாக வரட்டும்’ என்று 41 போட்டால் இடைவெளி சரியாக 0.5, சுழியம் வந்து விழும். சார்பு 10 பெருக்கல் சைன் ஆர் வகுத்தல் ஆர். அங்கே எல்லை மதிப்பு 10. நீங்கள் வைப்பது 1. பக்கத்துப் புள்ளி 9.6 அளவில் இருக்க, உச்சியில் ஒரு கிணறு.

கட்டக்காரன்:
30 போடுங்கன்னு எழுதியிருக்கேன். 41 போடச் சொல்லலை.

வளைபரப்பு:
இதில் நிரைநிரல் சொல்வது சரி. ஆனால் ஒன்று, நிரைநிரல், போன வாரம் சிதறிய புள்ளிகள் இழையில் லோயஸால் வழவழப்பான பரப்பைப் பொருத்தி, எல்லா எக்ஸ், ஒய் ஜோடிகளையும் தரும் எக்ஸ்பாண்ட் கிரிட்டில் கணித்து, அணியாக்கும்போது நிரை நிரையாக நிரப்பும் ‘பை ரோ’ போடச் சொன்னது நீங்கள்தான். எக்ஸ்பாண்ட் கிரிட்டில் முதல் மாறிதான் வேகமாக ஓடும், அணி நிரல் நிரலாக நிரம்பும், பெர்ஸ்புக்கு அது அப்படியே பொருந்தும். ‘பை ரோ’ போட்டால் நீங்களே திருப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிரைநிரல்:
அது பிளாட்லிக்காகச் சொன்னது.

வளைபரப்பு:
அந்த இழையின் தலைப்பிலேயே பெர்ஸ்ப் இருக்கிறது.

நிரைநிரல்:
தலைப்பை நான் வைக்கவில்லை.

கேள்விக்குறி:
வெக்டரைஸ் போட்டேன், படம் வந்துவிட்டது, நன்றி. ஆனால் 5 மீட்டர் மேடு மலை மாதிரி நிற்கிறது. அடிப்பரப்பு 300 மீட்டர்.

வளைபரப்பு:
பெர்ஸ்பில் ஸ்கேல் ட்ரூ என்பது இயல்பு, மூன்று அச்சுகளையும் தனித்தனியே ஒரே அளவுக்கு இழுத்துவிடும். ஸ்கேல் ஃபால்ஸ் போடுங்கள். தட்டையாகிவிட்டது என்று தோன்றினால் உயரத்தைப் பெருக்கும் எக்ஸ்பாண்டை 3, 4 என்று கூட்டி, எத்தனை மடங்கு என்பதைப் படத்தின் அடியில் எழுதிவிடுங்கள். பெர்ஸ்பின் உதவிப் பக்கத்தில்கூட வால்கேனோவுக்கு ஸ்கேல் ஃபால்ஸ் போட்டுவிட்டு, உயரத்தை 2 ஆல் பெருக்கித்தான் வரைந்திருக்கிறார்கள். 94 முதல் 195 வரையிலான மலை, 101 மீட்டர் ஏற்றம், படத்தில் 202.

சமவரைகோடு:
மலையை இரண்டு மடங்காக்கலாம், ஆனால் அணியைத் திருப்பாவிட்டால் குற்றம். நல்ல நியாயம்.

கட்டக்காரன்:
அதைத்தான் சொல்றேன். உதவிப் பக்கமே உயரத்தை மாத்துது, யாரும் கேட்கலை. நான் ஒரு டி போடலைன்னா ஊரே திரண்டு வருது.

நிரைநிரல்:
ஊர் வரவில்லை, நான் ஒருவன்தான் வந்தேன். இரண்டு மடங்கு என்று அவர்கள் குறிப்பில் எழுதிவிட்டுச் செய்தார்கள். நீங்கள் சொல்லாமல் செய்தீர்கள். இசட் சமம் எக்ஸ். 10க்கு 10 கட்டம். பிளாட்லியில் டி இல்லாமல் ஒன்று, டி போட்டு ஒன்று. இரண்டையும் இங்கே ஒட்டுங்கள்.

கட்டக்காரன்:
தொப்பியிலேயே ஒட்டிட்டேன், இரண்டும் ஒண்ணுதான்.

நிரைநிரல்:
தொப்பி வேண்டாம் என்று முதல் பதிவிலேயே சொன்னேன்.

எண்வரிசை:
மெஷ்கிரிட்டில் இன்டெக்ஸிங் ‘ஐஜே’ என்று கொடுத்தால் நிரை எக்ஸ் ஆகிவிடும், அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நிரைநிரல்:
அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே எனக்கு அந்த இரண்டு படங்கள் வேண்டும். 10க்கு 10. இசட் சமம் எக்ஸ்.