டெட்ராசைக்ளின் சேர்த்ததும் சிவப்புக் காலனி வெளுக்கிறது: மரபணு முடக்கம் மகள் செல்லுக்குப் போகவில்லையா?

கேள்வி:
ஸ்கிசோசாக்கரோமைசிஸ் பாம்பே ஈஸ்ட். ஏடிஇ6 மரபணுவுக்கு முன்னால் டெட்ஓ தளங்கள் (டெட்ஆர் புரதம் ஒட்டும் டிஎன்ஏ இடங்கள்). குரோமோடொமைன் (மெத்தில் குறியைப் பிடிக்கும் பகுதி) நீக்கிய, அந்தக் குறியை எழுதும் கிளர்4 நொதியை டெட்ஆருடன் இணைத்து அங்கே உட்காரவைத்தால், ஹெச்3கே9 மெத்தில் குறி (டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் ஹெச்3 புரதத்தில் ஏறி மரபணுவை முடக்குவது) ஏறி, ஏடிஇ6 முடங்கி, காலனி சிவக்கிறது. டெட்ராசைக்ளின் கொடுத்து டெட்ஆரைக் கழற்றினால் ஒரே நாளில் குறி போய்விடுகிறது. குறி தன்னைத்தானே நகலெடுக்கும் என்கிறார்களே, அது எங்கே போயிற்று?

பதில் 1:
நகலெடுப்பு நடக்கிறது, அழிப்பு அதை முந்துகிறது. டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய ஹெச்3–ஹெச்4 ஹிஸ்டோன்கள் இரண்டு மகள் இழைகளுக்கும் பிரிந்துபோகும்; மீதி இடத்தைக் குறியில்லாத புதியவை நிரப்பும். செல்லின் சொந்த கிளர்4 தன் குரோமோடொமைனால் பழைய குறியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் புதிய ஹிஸ்டோனில் எழுதவேண்டும். அதற்குள் எபி1 புரதம் துடைத்துவிடுகிறது. எபி1 நீக்கிய ஈஸ்ட்டில் செய்து பாருங்கள்: டெட்ஆர் கழன்ற பிறகும் பல செல்கள் தலைமுறை தலைமுறையாக முடங்கியே இருக்கும். 2015-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. கூடவே, சொந்த கிளர்4-இல் டபிள்யூ31ஜி மாற்றம் (குரோமோடொமைனின் பிடியைக் கெடுப்பது) உள்ள ஈஸ்ட்டையும் வையுங்கள். அதில் எபி1 இல்லாவிட்டாலும் நினைவு நிற்காது. இந்த ஒப்பீடு இல்லாமல் முடிவு சொல்லவே கூடாது.

பதில் 2:
ஒரு நாள் கழித்து மாதிரி எடுப்பதுதான் குழப்பம். 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 10 தலைமுறை. நகலெடுப்பே இல்லையென்றாலும் பாதி பாதியாகக் குறைந்து 1/1024 ஆகிவிடும். அழிப்பா, நீர்த்துப்போதலா என்று பிரித்தறிய முடியாது. 1, 2, 3 தலைமுறைகளில் எடுங்கள். 1/2, 1/4, 1/8 என்பதைவிட வேகமாக விழுந்தால் அழிப்புதான். இன்னும் உறுதி வேண்டுமா? சிடிசி25-22 ஈஸ்ட்டை (சூடாக்கினால் செல் பிரியாமல் நிற்கும் திரிபு) 36 டிகிரியில் ஜி2 கட்டத்தில் (இரட்டிப்பு முடிந்து, பிரிவுக்கு முன்) நிறுத்திவிட்டு டெட்ஆரைக் கழற்றுங்கள். இரட்டிப்பே இல்லாத நிலையில் குறி குறைந்தால் இரட்டிப்பின்மேல் பழி போட வழியில்லை.

பதில் 3:
பழைய ஹிஸ்டோன் இரு பக்கமும் போவதும் தானாக நடப்பதல்ல. பின்தங்கும் இழைக்கு (துண்டுதுண்டாக உருவாவது) எம்சிஎம்2 புரதம், முன்னோடும் இழைக்கு (தொடர்ச்சியாக உருவாவது) டிஎன்ஏ நகலெடுக்கும் பாலிமரேஸ் எப்சிலானின் டிபிபி3–டிபிபி4 பகுதிகள் கொண்டுசேர்க்கின்றன. எம்சிஎம்2-இன் ஹிஸ்டோன் பிடியைக் கெடுத்தால் பங்கீடு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு மகள் செல்லுக்குக் குறி போதாமல் போகும்.

தட்டையும் கவனியுங்கள். வழக்கமான ஒய்இஎஸ் வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 225 மி.கி. அடினின் இருக்கும், அதில் முடங்கிய காலனியும் வெள்ளையாகவே தெரியும். அடினின் குறைத்த தட்டில்தான் நிறத்தை நம்பலாம்.