முழு செற்றா வாங்கலாமா? பழைய ஓடியோ செற் பார்க்கப் போறவைக்கு (எழுதினவை தங்கட கொழும்பு இடப்பெயரில வருகினம்)

பம்பலப்பிட்டி:
வெள்ளவத்தையில கடற்பக்க ஒழுங்கை ஒன்றில ஒரு குடும்பம் வெளிநாடு போகுது, வீட்டுச் சாமான் எல்லாம் விக்கினம். அதில முழு ஓடியோ செற் ஒன்று இருக்கு: அம்ப் (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி), ரியூனர் (ரேடியோ), சீடி பிளேயர், ரெட்டைக் கசற் டெக், பெல்ற்றில ஓடுற ரேண்டேபிள் (இசைத்தட்டு ஓட்டுறது), நிலத்தில நிக்கிற பெரிய ஸ்பீக்கர் ஒரு சோடி. பிரிச்சுத் தரமாட்டினமாம், ஒரே விலை. அம்புக்குப் பின்னால 100 வோல்ற் என்று இருக்கு, பக்கத்தில ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டி. போனால் எதை எப்படிப் பார்க்கோணும், எதை வச்சு விலை பேசலாம்? இப்படியான செற்றுகளோட பழகினவை சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை:
தம்பி, ஸ்பீக்கருக்கும் அம்புக்கும் மட்டும் விலை போடுங்க. மற்ற நாலும் சும்மா வருது என்று வச்சுக்கொள்ளுங்க. பழைய செற்றில பெறுமதி நிக்கிறது அந்த ரெண்டிலதான், அதிலயும் ஸ்பீக்கரில பாதிக்கு மேல. ரியூனர், சீடி, கசற் எல்லாம் வேலை செய்தால் சந்தோசம், செய்யாட்டி நட்டமில்லை. விற்கிறவர் ஆறு பெட்டியைக் காட்டி ஆறு விலையைக் கூட்டிச் சொல்லுவார், நீங்க ரெண்டைத்தான் கூட்டவேணும்.

அதுக்கு முன்னால செற்றின் பின்பக்கத்தைப் பாருங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கரன்ட் வயர் இருக்கா? சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் ஒவ்வொன்றிலயும் இருக்கா? இருந்தால் அவை தனித்தனிப் பெட்டி, ஒன்று செத்தாலும் மற்றது பிழைக்கும். தொண்ணூறுகளில வந்த மினி கொம்போக்கள் அப்படியில்லை. நாலு பெட்டி மாதிரித் தெரியும், ஆனால் கரன்ட் வயர் ஒன்றுதான். மற்றதெல்லாம் தட்டையான ரிப்பன் வயரில தொங்கும். ரியூனரைக் கழற்றினால் அம்ப் ஓனே ஆகாத மொடல்கள் நிறைய. டிவிடி பிளேயரோட வந்த ஹோம் தியேட்டர் செற்றும் அதே கதைதான்: 3 ஓம் ஸ்பீக்கர், அந்த மொடலுக்கு மட்டும் பொருந்துற பிளக், சில மொடலில அம்ப் போர்ட் சப்வூபருக்குள்ளயே இருக்கும். அந்த ரெண்டு வகையில ஒன்று என்றால் விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் விட்டுடுங்க. ஒரு போர்ட் போனால் ஸ்பீக்கர்கூட வேற அம்போட ஒழுங்காச் சேராது.

தெஹிவளை:
100 வோல்ற் விசயத்தை லேசா எடுக்க வேண்டாம். அது ஜப்பான் உள்நாட்டுச் சாமான். எங்கட சுவரில 230. ஜப்பான் பிளக் தட்டையான ரெண்டு பின். அடப்டர் போட்டால் நேரா சுவரில ஏறிடும், வீட்டில யாராவது ஒருத்தர் ஒருநாள் அப்படிச் செய்வினம். பியூஸோட போனால் அதிர்ஷ்டம், அநேகமாப் பவர் ட்ரான்ஸ்போமரும் சேர்ந்து போகும். வாங்கினால் முதல் வேலை, அம்பின் வயரை ட்ரான்ஸ்போமர் பெட்டியோட கேபிள் டை போட்டுக் கட்டி, பிளக்கில "100" என்று பெரிசா ஒட்டுறது.

பெட்டியில என்ன எழுதியிருக்கு என்று வாசியுங்கோ. கடைகளில கூடுதலாக் கிடைக்கிறது 230க்கு 110. அம்புக்கு வேண்டியது 100. சுவரில 240 வாற நேரம் அந்தப் பெட்டி 115 கிட்டத் தரும். அப்ப அம்புக்குள்ள எல்லா வோல்ற்றேஜும் 15 வீதம் கூடும். வடிகட்டுற கப்பாசிற்றர்கள் எழுதின எல்லையைத் தொடும், ஹீற்சிங்க் (சூட்டை வெளியேற்றுற தகடு) கொதிக்கும். அதால மீற்றரை வச்சு அந்தப் பெட்டியிலிருந்து வாறதை அளந்து பார்த்த பிறகுதான் அம்பைச் சொருகோணும். அளவிலயும் கஞ்சத்தனம் கூடாது: அம்பின் தகட்டில 200 வாற்ஸ் என்றால் பெட்டி 500 விஏ (வோல்ற்-அம்பியர், பெட்டி தாங்குற அளவு) ஆவது இருக்கட்டும். தகட்டில இருக்கிறது சாதாரணப் பாவனைக் கணக்கு, சத்தத்தைக் கூட்டினால் அதைத் தாண்டி இழுக்கும்.

ரியூனரை மறந்துடுங்கோ. ஜப்பானில எஃப்எம் 76இல தொடங்கி 90இல முடியும், பிறகு வந்த மொடல்களில 95 வரைக்கும். இங்க 87.5இலிருந்து 108. ரீகண்டிஷன் காரோட வாற ரேடியோ மாதிரித்தான், 95க்கு மேல உள்ள எங்கட தமிழ் அலைவரிசை ஒன்றும் எடுக்காது.

மருதானை:
அம்பைப் பற்றி. விற்கிறவரிடம் முதலே சொல்லி வையுங்க: "நான் வாறதுக்கு முன்னால போட்டு வைக்க வேண்டாம்." குளிர்ந்து கிடக்கிற அம்பை ஓன் பண்ணும்போது காட்டுற குறை, சூடான பிறகு மறைஞ்சிடும்.

ஸ்பீக்கரைக் கழற்றிட்டு ஓன் பண்ணுங்க. மூன்று முதல் ஐந்து விநாடிக்குள்ள உள்ளுக்குள் "டிக்" என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கிற தானியங்கிச் சுவிச்) விழ வேணும். விழாட்டி அநேகமா அம்ப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு நிக்குது, உள்ளுக்குள் பெரிய பழுது. அங்கேயே விட்டுட்டு வாங்க. விழுந்தால் பத்து நிமிசம் விட்டு, வொலியூம் பூச்சியத்தில வச்சு, மல்ரிமீற்றரை டீசி மில்லிவோல்ற்றில போட்டு ஸ்பீக்கர் முனைகளை அளங்க. 50 மில்லிவோல்ற்றுக்குக் கீழ நல்லது. 100 தாண்டினால் ட்ரான்சிஸ்டர் பக்கம் வேலை இருக்கு. இடது, வலது ரெண்டையும் அளக்கவேணும்.

பிறகு ஸ்பீக்கரைப் பூட்டுங்க. வொலியூம் பூச்சியம், காதை வூபருக்கு (தாழ்ந்த சத்தம் தாற பெரிய வட்டம்) கிட்ட. கனத்த "ம்ம்ம்" கேட்டால், அது 100 ஹேர்ட்ஸ், பெரிய வடிகட்டுக் கப்பாசிற்றர் காய்ஞ்சிருக்கு. சீடியோ ரேண்டேபிளோ சேர்த்தால் மட்டும் வாற இரைச்சல் வயரில, ஏர்த்தில உள்ள பிரச்சினை, அதுக்குப் பயப்பட வேண்டாம். கப்பாசிற்றருக்கு எதிரி சூடு. 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாக் குறையும். அதால செற் இவ்வளவு காலமும் எந்த இடத்தில இருந்தது என்று பாருங்க. கதவு மூடின கண்ணாடி அலுமாரிக்குள்ள இருந்த அம்பும் திறந்த தட்டில இருந்த அம்பும் ஒரே வயசு இல்லை.

எல்லாச் சுவிச்சையும் இருபது தரம் தட்டுங்க, எல்லாக் குமிழையும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்புங்க. கரகரப்பு வந்து திருப்பத் திருப்பக் குறைஞ்சால் அது ஊத்தை. எலெக்ரோனிக்ஸ் கொன்டாக்ற் கிளீனர் அடிச்சால் சரி. துரு கழற்றுற ஒயில் ஸ்பிரேயை அடிக்கவே வேண்டாம், வொலியூமுக்குள்ள இருக்கிற கிரீஸைக் கழுவி, தூசியைப் பிடிச்சு வைக்கும்.

அரை மணித்தியாலம் ஓடின பிறகு மேல் மூடியில கையை வையுங்க. ரெண்டு பக்கமும் ஒரே சூடு இருக்க வேணும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமச் சுட்டால் வேண்டாம்.

இன்னொன்று. மொடல் நம்பரை வச்சு, உள்ளுக்குள் இருக்கிறது தனி ட்ரான்சிஸ்டரா, சன்யோவின் எஸ்ரீகே (STK) ஐசியா என்று தேடிப் பாருங்க. எஸ்ரீகே வேலை செய்யும்வரைக்கும் ஒரு குறையும் இல்லை. போனால்தான் துன்பம், அசல் தயாரிப்பு நிண்டு கனகாலம், சந்தையில போலி மலிஞ்சிருக்கு. ஒரு பக்கம் செத்த எஸ்ரீகே அம்புக்கு ஒரு ரூபாவும் போடாதீங்க. தனி ட்ரான்சிஸ்டர் என்றால் திருத்துற நல்ல பாஸ் ஒருத்தர் மாற்று நம்பர் ட்ரான்சிஸ்டர் போட்டு எழுப்பிடுவார்.

வெள்ளவத்தை:
கடற்பக்க ஒழுங்கை என்றபடியால் இதைச் சொல்லோணும். பின்பக்க ஸ்குரூ தலைகளைப் பாருங்கோ. துரு பிடிச்சிருந்தால் உப்புக்காற்று உள்ளயும் போயிருக்கு. ஆர்சிஏ துளையில பச்சை படிஞ்சிருக்கா, ஸ்பீக்கர் முனை கறுத்திருக்கா? ரோர்ச் அடிச்சுக் காற்றுத் துளைக்குள்ள பாருங்கோ, கரப்பான் முட்டை, பல்லி எச்சம் இருந்தால் உள்ளுக்குள் போர்ட்டும் அரிச்சிருக்கும். கோல் வீதிக்கு மேற்கால இருக்கிற வீடுகளில கூடுதலா ஸ்பீக்கரின் இரும்புச் சட்டமும் காந்தமும்தான் முதலில துருப்பிடிக்கிறது. துரு உதிர்ந்து, கோனை (சத்தம் தாற கூம்பு) அசைக்கிற கம்பிச் சுருளான கொயிலின் இடைவெளிக்குள்ள விழுந்தால் கொயில் உரசும்.

அந்த உரசலை இப்படிப் பாருங்கோ: முன் துணியைக் கழற்றி, வூபரின் நடுமூடிக்கு ரெண்டு பக்கமும் விரல்களைச் சமனா வச்சு மெல்ல உள்ள தள்ளி விடுங்கோ. சத்தமில்லாமப் போய் வரோணும். சுரண்டுற சத்தம் வந்தால் கொயில் உரசுது. பிறகு கோனைச் சுற்றியிருக்கிற விளிம்பு. ஃபோம் என்றால் விரல் நுனியால தொடுங்கோ. பிசுபிசுத்தால் அல்லது தூளாக் கொட்டினால் முடிஞ்சுது. எங்கட ஈரக்காற்றில ஃபோம் பத்துப் பதினைஞ்சு வருசம் தாங்கினால் பெரிய விசயம். றப்பரோ துணியோ என்றால் அநேகமாத் தப்பியிருக்கும்.

மீற்றரில: 8 ஓம் ஸ்பீக்கர் 5.5க்கும் 7க்கும் இடையில காட்டும், 4 ஓம் என்றால் 3 இலிருந்து 3.5. ரெண்டு பெட்டியும் அரை ஓமுக்குள்ள ஒத்துப் போகோணும். ஆனால் பின்முனையில அளக்கிறது வூபரை மட்டும்தான். ட்வீற்றருக்கு (உயர்ந்த சத்தம் தாற சின்ன வட்டம்) முன்னால கப்பாசிற்றர் இருக்கிறதால அது செத்திருந்தாலும் மீற்றர் ஒன்றும் சொல்லாது. அதுக்கு ஒரு பேப்பரைக் குழாயாச் சுருட்டி, சத்தத்தைக் குறைச்சு, வூபர், ட்வீற்றர் என்று ஒவ்வொரு ட்ரைவரிலும் காதை வச்சுக் கேளுங்கோ. மூன்று ட்ரைவர் உள்ள பெரிய பெட்டியில நடு ட்ரைவர் செத்துக் கிடந்தும் வருசக் கணக்கா ஒருத்தரும் கவனிக்காத செற்றுகள் உண்டு.

காந்தத்தில ஒட்டியிருக்கிற லேபல் ரெண்டு பெட்டியிலயும் ஒரே நம்பரா என்று விற்கிறவரின் சம்மதத்தோட ஒரு வூபரைக் கழற்றிப் பார்க்கலாம். ஸ்குரூ தலை சிதைஞ்சிருந்தால் ஏற்கெனவே ஒருத்தர் உள்ள போயிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் வேற வூபர் போட்டிருந்தால் அது சோடி இல்லை, விலை அரைவாசிக்கும் கீழ. பெட்டியின் அடியையும் பாருங்கோ. நிலம் துடைக்கிற தண்ணி ஊறினால் சிப்போர்ட் (மரத்தூள் பலகை) ஊதும். விரலால தட்டிப் பாருங்கோ, வெற்றுச் சத்தம் என்றால் கறையான்.

கொட்டாஞ்சேனை:
ஃபோம் போனதால மட்டும் ஸ்பீக்கரை விட வேண்டாம், வெள்ளவத்தை அண்ணா சொன்னதுக்கு இதைச் சேர்க்கிறன். கொயில் உரசாமல், மீற்றர் சரியாக் காட்டினால், ஃபோம் மாற்றுறது ஒரு இரவு வேலைதான்: பழசைச் சுரண்டி எடுத்து, புதுசை ஒட்டி, கோனை நடுவுக்குக் கொண்டுவந்து பசை காயவிடுறது. ஆனால் அதே அளவு, அதே வளைவு உள்ள ஃபோம் வேணும். சிலர் "றப்பர் போட்டால் நீண்டகாலம் நிக்கும்" என்று போட்டு விடுறாங்க. றப்பர் பாரம் கூட. கோனின் அசைவு மாறி, தாழ்ந்த சத்தம் மந்தமாகும். அந்தக் கூலியைக் கணக்குப் பார்த்து விலையில கழிச்சுக் கேளுங்க. ஃபோம் கிழிஞ்ச நிலையில போட்டுக்காட்டச் சொல்லிச் சத்தத்தைக் கூட்ட வேண்டாம், கோன் சாய்ஞ்சு கொயிலைத் தேய்ச்சுடும்.

கிருலப்பனை:
மிச்சப் பெட்டிகள் சுருக்கமா. சீடியில நிறைய நேரம் ஓடுற டிஸ்க் ஒன்றின் கடைசிப் பாட்டைப் போடுங்க. சீடி உள்ளிருந்து வெளியே வாசிக்கும், ஓரத்தில தள்ளாட்டம் கூட. அங்க குதிச்சால் லேசர் களைச்சிருக்கு. வீட்டில எழுதின டிஸ்க் ஒன்றையும் போட்டுப் பாருங்க. லென்ஸ் துடைச்சும் சரிவராட்டி லேசர் மாற்றவேணும், அதிலயும் போலி நிறைய.

கசற் டெக்கில பெல்ற் தார் மாதிரி உருகிக் கிடக்கிறது சாதாரணம். மோட்டர் சத்தம் கேட்டும் ரீல் சுத்தாட்டி அதுதான். ஓடினால் நாதஸ்வரத்தில நீட்டி வாசிக்கிற சுரம் ஒன்றைக் கேளுங்க. அலை மாதிரி ஏறி இறங்கினால் பெல்ற் அல்லது நாடாவை இழுக்கிற றப்பர் உருளை (பிஞ்ச் ரோலர்) பழுது. வீட்டில பழைய கசற்றுகள் இருந்து கணினிக்கு மாற்ற நினைச்சால் நல்ல டெக் ஒன்றுக்கு மதிப்பு இருக்கு, இல்லாட்டி இல்லை.

ரேண்டேபிளில கவனம். பழைய ஜப்பான் பெல்ற் ரேண்டேபிள் சிலதில மோட்டர் கரன்ட்டின் அலைவெண்ணோட ஓடும். ஜப்பானின் மேற்குப் பகுதி 60 ஹேர்ட்ஸ், கிழக்கு 50, இங்கயும் 50. 60க்கான புல்லி (மோட்டரில பெல்ற் ஓடுற சில்லு) பூட்டியிருந்தால் நிமிசத்துக்கு 33⅓ தரம் சுத்த வேண்டியது 28 கிட்டச் சுத்தும், பாடகர் குரல் தடிச்சு இழுபடும். ட்ரான்ஸ்போமர் பெட்டி வோல்ற்றேஜை மட்டும்தான் மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. டீசி மோட்டர், குவார்ட்ஸ் டைரெக்ற் ட்ரைவ் என்றால் இந்தக் கவலை இல்லை. அம்பில ரேண்டேபிளுக்கு ஃபோனோ என்று தனித் துளை இருக்கா என்றும் பாருங்க. ஊசியிலிருந்து வாறது சில மில்லிவோல்ற்தான், சாதாரணத் துளையில சொருகினால் மெல்லிசாக் கீச்சிடும்.

பம்பலப்பிட்டி:
எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். விற்கிறவர் சொல்றார் வலது பக்கம் சில நேரம் போய் வருமாம், வொலியூமைக் கூட்டினால் வந்திடுமாம். இதால விடலாமா?

மருதானை:
விட வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்க. குறைஞ்ச சத்தத்தில போய், கூட்டினால் வாறது ரிலே முனை கறுத்ததின் அடையாளம். ரிலே மாற்றுறது சின்ன வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீங்க, முனையின் வெள்ளிப் பூச்சு போயிடும், கொஞ்ச நாளில திரும்பவும் அதே குறை. முதலில ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்க. குறை அம்பின் வலது பக்கத்தோடேயே நின்றால் அம்ப், ஸ்பீக்கரோட நகர்ந்தால் ஸ்பீக்கர். சீடியின் வயர்களையும் அப்படியே மாற்றினால், குறை அம்புக்கு முன்னாலயா என்பதும் தெரியும்.

தெஹிவளை:
கொண்டுவாறதுக்கு: வயர்களைக் கழற்ற முதல் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கோ. ரேண்டேபிளில ஊசிக் கையின் பின்பாரம், சுத்துற தட்டு ரெண்டையும் கழற்றித் தனியாச் சுற்றி, அந்த ஊசிக் கையைக் கட்டி, ஊசிக்கு மூடி போடுங்கோ. ஸ்பீக்கரை முதுகுப்பக்கம் கிடத்தி சின்னப் பட்டா லொறியில ஏற்றலாம், மழைக்குக் கறுப்புப் பொலித்தீன் கட்டாயம். அம்பை மடியில வச்சே கொண்டு வாங்கோ.

வீட்டில மேலயும் பக்கத்திலயும் நாலு விரல் இடைவெளியாவது விடுங்கோ. ஏப்ரலிலயும் ஒக்டோபர், நவம்பரிலயும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றுங்கோ, சுவர்ச் சுவிச்சை ஓஃப் பண்ணினது மட்டும் காணாது.

கொட்டாஞ்சேனை:
விலை பேசும்போது: ஸ்பீக்கர், அம்ப் ரெண்டுக்கும் தனியா விற்றால் என்ன போகும் என்று விளம்பரங்களில பார்த்துக் கூட்டுங்க. ஃபோம், ரிலே, சரியான 100 வோல்ற் ட்ரான்ஸ்போமர், சேர்விஸ் கூலி எல்லாத்தையும் அதிலிருந்து கழிச்சு, வாறதுதான் உங்கட உச்ச விலை. ரேண்டேபிள் சரியான வேகத்தில ஓடினால் மட்டும் கொஞ்சம் கூட்டலாம். அரை மணித்தியாலம் போட்டுக்காட்ட மாட்டேன் என்று சொன்னால், அம்ப் செத்தது என்று வச்சு ஸ்பீக்கருக்கு மட்டும் விலை சொல்லுங்க.