எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் கரண்ட் கீசரும் சேர்ந்தால் 500 யூனிட் தாண்டிவிடுமா?

காட்பாடி கேள்வி:
வீடு காட்பாடி, வேலை ராணிப்பேட்டை சிப்காட். போகவர 50 கி.மீ., மாதம் 25 நாள். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 தருகிறது. ஏசி இல்லை. இரண்டு மாத ரீடிங் 430 யூனிட். குளியலறையில் கேஸ் கீசர், நான்கு பேர். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி, கேஸை எடுத்துவிட்டு கரண்ட் கீசரோ சோலார் ஹீட்டரோ போடலாமா? எதை முதலில் மாற்றுவது?

யூனிட் கணக்கு:
முதலில் ஸ்கூட்டர். மாதம் 1,250 கி.மீ. என்றால் 28 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 என்று வைத்தாலே 2,800 ரூபாய். எலக்ட்ரிக்குக்கு சார்ஜர் இழப்பையும் சேர்த்து 100 கி.மீ.க்கு மூன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 88 யூனிட்.

சிக்கல் இங்கேதான்: 430 + 88 = 518. 500 தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடும், மேலே போகும் யூனிட் 2024 ஜூலை கட்டணப்படி 8.40 ரூபாய். போன சலுகையையும் சேர்த்தால் அந்தக் கடைசி 18 யூனிட்டுக்கு மட்டும் 386 ரூபாய் ஆகும். அப்போதும் பெட்ரோலைவிட ஸ்கூட்டர் லாபம்தான், ஆனால் சும்மா கொடுப்பானேன்? 12 மணி நேரம் ஓடும் பழைய ஃபேன் இரண்டை, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் ஆக்குங்கள். 75 வாட் 30 ஆகும், இரண்டு மாதத்தில் 65 யூனிட் குறையும். ரீடிங் 453-இல் நிற்கும். ஸ்கூட்டருக்கு முன்னால் ஃபேன்!

வயரிங் அண்ணன்:
சார்ஜர் 700 வாட் சொச்சம், மூன்று ஆம்பியர்தான். ஆனாலும் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து ஓடும்; லூசான 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட் உருகும். மெயினிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 16 ஆம்பியர் சாக்கெட், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். சித்திரை வைகாசியில் நம்ம ஊர் மண் காய்ந்துபோய் எர்த் பிடிக்காது, சார்ஜர் எரர் காட்டும். உடனே சர்வீஸ் சென்டருக்கு ஓடாமல் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெயிலில் வந்ததும் சார்ஜ் போடாதீர்கள், அரை மணி ஆறட்டும். பைபாஸில் 65-க்கு மேல் போனால் கம்பெனி சொல்லும் ரேஞ்சில் மூன்றில் ஒரு பங்கை மறந்துவிடுங்கள். 50 கி.மீ.க்கு 3 யூனிட் (கிலோவாட் அவர்) பேட்டரி வேண்டும். 2 யூனிட் பேட்டரி இரண்டாம் வருஷம் இழுபறியாகிவிடும்.

சுடுதண்ணி:
கீசரை அவசரப்பட்டு மாற்றாதீங்க. நமக்கு வெந்நீர் தேவையே கார்த்திகையிலிருந்து மாசி வரைதான். கோடையில் மாடி டேங்க் தண்ணியே கொதிக்குது. குளிர்காலத்தில் 100 லிட்டரை 17 டிகிரி ஏற்ற தினம் 2 யூனிட், இரண்டு மாதத்தில் 120. ஸ்கூட்டரோடு சேர்ந்தால் ஃபேன் மாற்றியும் 573 வரும். அதே வேலைக்கு கேஸில் ஒரு சிலிண்டர்கூட ஆகாது. காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணியைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான் இழுக்கும், ஆனால் நாலு மாச உபயோகத்துக்கு அதன் விலை எப்போது திரும்பும்?

சோலார் ஹீட்டரில் இன்னொரு வம்பு. போர் தண்ணி உப்பு, கண்ணாடிக் குழாய்க்குள் படிந்துவிடும். போர் தண்ணி பேனல் குழாய்க்குள் போகாதபடி ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த தட்டையான மாடல்தான் தாங்கும். தேவைப்படும் கார்த்திகையில் மழை மேகம் வேறு.

கேஸ் கீசரை மட்டும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டுங்க. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை அடித்துவிடும். இதைத் தள்ளிப்போடாதீங்க.

காட்பாடி கேள்வி:
நன்றி. மாடியில் கரண்ட் தரும் சோலார் பேனல் போட்டால்?

யூனிட் கணக்கு:
ஒரு கிலோவாட் தினம் சுமார் 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 மானியம். போட்டால் கரண்ட் கீசர் கணக்கே மாறும். ஆனால் வடக்குப் பக்கம் பக்கத்து மாடி உயர்ந்திருந்தால் பரவாயில்லை. தெற்கே இருந்தால், சூரியன் தெற்கே சாயும் டிசம்பரில் விழும் நிழலை முதலில் பாருங்கள்.